பாலாற்றைத் தாண்டிய கோடு

யார் எங்கிருந்து எங்கே, எந்தச் சாலையில் போவார்கள் என்று கணினியில் கணக்கிடுவது பயணத் தேவை மாதிரி. வேலூருக்காக நான் உருவாக்கிய மாதிரியில், காட்பாடி போகும் பாலாற்றுப் பாலம் காலை நெரிசல் நேரத்திலும் காற்று வாங்கியது. அங்கே பஸ்ஸில் நின்று வியர்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். கணக்கெடுப்புத் தரவைச் சந்தேகித்து இரண்டு நாளை வீணாக்கினேன்.

குற்றவாளி இணைப்புக் கோடுகள். நகரைப் பிரித்த ஒவ்வொரு மண்டலத்தின் மையத்தையும், நேர்க்கோட்டுத் தூரத்தில் அருகிலுள்ள மூன்று சாலைச் சந்திப்புகளோடு இந்தக் கோடுகளால் சேர்க்கும்படி நான்தான் அமைத்திருந்தேன்; நடுவில் ஆறு இருப்பது மென்பொருளுக்குத் தெரியாது. (பாலாற்றில் தண்ணீரைப் பார்ப்பதே அரிது, மன்னிக்கலாம்.) வடகரையிலுள்ள விருதம்பட்டு மக்கள் பாலமே இல்லாமல் தென்கரையில் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஆற்றை வரைந்து, அதை வெட்டும் கோடுகளை நீக்கினேன். சாலைகளுக்குப் பயணங்களை ஒதுக்கும் கட்டத்தை மட்டும் மறுபடி ஓட்டியது போதவில்லை. எந்த மண்டலத்திலிருந்து எங்கே எத்தனை பயணங்கள் என்று பகிரும் ஈர்ப்பு மாதிரி, பழைய பயண நேரங்களையே பிடித்துக்கொண்டிருந்தது. மண்டலங்களுக்கிடையேயான பயண நேர அட்டவணையைப் புதிதாகக் கணக்கிட்டு, அந்தப் பயணப் பகிர்விலிருந்தே தொடங்கியதும் பாலம் நிரம்பியது.