டிக்கெட்டைத் திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வருடம் எங்கள் குழுவின் டெஸ்டர், மென்பொருள் பிழைகளைப் பதிந்து பின்தொடரும் ஜிராவில் ஒரு டிக்கெட் (பிழைப் புகார்) போட்டிருந்தார்: ‘கௌரி என்று தேடினால் கெளரி வரவில்லை.’ வரும் டிக்கெட்களைப் பார்த்துப் பிரித்துக் கொடுப்பது என் வேலை. ஏதோ தட்டச்சுக் குழப்பம் என்று நினைத்து, ‘கௌரி என்று தேடினால் வரவில்லை’ என்று வரியைச் சீராக்கினேன். டெவலப்பர் தேடிப் பார்த்தார், வந்தது. ‘என்னிடம் வேலை செய்கிறது’ என்று எழுதி மூடிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து வாடிக்கையாளரிடமிருந்து அதே புகார். அப்புறம்தான் டிக்கெட்டில் யார் எதை மாற்றினார் என்று காட்டும் ஹிஸ்டரியைத் திறந்து டெஸ்டர் எழுதிய பழைய வரியைப் பார்த்தோம். முதல் பெயரில் இருப்பது ஔகாரக் குறி. இரண்டாவதில் ‘கெ’வுக்குப் பக்கத்தில் ‘ள’ என்ற தனி எழுத்து. பல எழுத்துருக்களில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, கணினிக்கு அவை இரண்டு வேறு சொற்கள். பிழை மொத்தமும் அந்த ஓர் எழுத்தில் இருந்தது. அதைத்தான் நான் அழித்திருந்தேன்.

அதனால் முதலில் சொல்வது இதைத்தான்: புகார் கொடுத்தவர் எழுதிய விவரத்தின் மேல் எழுதாதீர்கள். பிழைச்செய்தி, தட்டச்சு செய்த சொல், இடைவெளி, எல்லாம் அவர் பார்த்தபடியே இருக்கட்டும். உங்கள் ஊகத்தைக் கமெண்ட்டில் எழுதுங்கள். தலைப்பை மட்டும் தாராளமாகத் திருத்தலாம், ஏனென்றால் நாளை தேடுபவர் கண்ணில் படுவது அதுதான். ஹிஸ்டரியில் பழையது இருக்குமே என்று கேட்கலாம். இருக்கும். ஆனால் வேலையை எடுக்கும் டெவலப்பர் விவரத்தைப் படிப்பாரே தவிர, ஹிஸ்டரியைத் திறந்து பார்ப்பது அபூர்வம்.

ஜிராவில் அதிகம் பேர் சறுக்கும் இடம் ரெசல்யூஷன். ஸ்டேட்டஸ் (டிக்கெட் இப்போது எந்த நிலையில் இருக்கிறது) வேறு, ரெசல்யூஷன் (அது எப்படி முடிந்தது) வேறு. ரெசல்யூஷனில் எந்த மதிப்பு இருந்தாலும் ஜிரா அந்த டிக்கெட்டை முடிந்ததாகவே எடுத்துக்கொள்ளும், எண்ணின் மேல் கோடும் போட்டுவிடும். மூடிய டிக்கெட்டை மீண்டும் திறக்கும்போது ரெசல்யூஷனைக் காலியாக்காமல் விட்டால், ஸ்டேட்டஸ் ‘திறந்தது’ என்று காட்டும், தீராதவற்றைத் தேடும் ஃபில்டரில் மட்டும் அது வராது. யாரும் பார்க்காமல் மாதக்கணக்கில் கிடக்கும். திறக்கும் படியிலேயே ரெசல்யூஷன் தானாகக் காலியாகும்படி அட்மினிடம் சொல்லி அமையுங்கள். ‘தீரவில்லை’ என்று ஒரு ரெசல்யூஷனைப் புதிதாக உருவாக்கவும் வேண்டாம். அதுவும் ஒரு மதிப்புதான், அதைப் போட்ட நொடியில் டிக்கெட் முடிந்ததாகிவிடும். ரெசல்யூஷனை எடிட் திரையில் வைப்பதும் இதே வினையைத்தான் கொண்டுவரும்: யாரோ வேறு எதையோ திருத்தப் போய், தெரியாமலே டிக்கெட்டை முடித்துவிடுவார்கள்.

ஒரே டிக்கெட்டை இரண்டு பேர் திறந்து வைத்திருப்பதும் நடக்கும். 1998 முதல் இருக்கும் பக்ஸில்லா என்ற இன்னொரு பிழைப் பதிவுக் கருவியில் இதற்கென்றே ‘மிட்-ஏர் கொலிஷன்’ என்ற எச்சரிக்கைப் பக்கம் உண்டு. நீங்கள் எழுதிக்கொண்டிருந்தபோது இன்னொருவர் என்ன மாற்றினார் என்று அங்கே தெரியும். அவசரத்தில் அதைப் படிக்காமல் உங்கள் மாற்றத்தைத் திணித்தால் அவர் செய்தது போய்விடும்.

ஒரே பிழைக்கு இரண்டு டிக்கெட் வந்து, ஒன்றை டூப்ளிகேட் என்று மூடும்போது, பிந்தி வந்ததுதான் டூப்ளிகேட் என்று பார்க்காதீர்கள். எதில் விவரம் அதிகமோ அதை வைத்துக்கொண்டு மற்றதை மூடுங்கள். பக்ஸில்லாவில் மூடப்பட்ட டிக்கெட்டைப் பதிந்தவர் தானாகவே மற்றதின் சிசி பட்டியலில் (மாற்றங்கள் மெயிலில் போகும் பட்டியல்) சேர்ந்துவிடுவார். ஜிராவில் டூப்ளிகேட் என்பது வெறும் இணைப்பு, அவரை வாட்சராக (டிக்கெட்டைப் பின்தொடர்பவராக) நாம்தான் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் தன் புகார் என்ன ஆனது என்றே அவருக்குத் தெரியாது. நேரம் ஒதுக்கி எழுதியவருக்கு அது நாம் செய்யும் அவமரியாதை.

தீவிரத்தையும் (பிழை எவ்வளவு பாதிக்கிறது) முன்னுரிமையையும் (எவ்வளவு சீக்கிரம் திருத்த வேண்டும்) குழப்ப வேண்டாம். முகப்பில் நிறுவனத்தின் பெயரே தப்பாக இருந்தால் தீவிரம் குறைவு, முன்னுரிமை அதிகம்.

பல டிக்கெட்களை ஒன்றாக மாற்றும் பல்க் சேஞ்ச் செய்யும்போது கை நிதானமாக இருக்கட்டும். லேபிளில் ‘இருப்பதோடு சேர்’ என்பதற்குப் பதில் ‘எல்லாவற்றையும் மாற்று’ என்று கொடுத்தால், தேர்ந்தெடுத்த அத்தனை டிக்கெட்களிலும் பழைய லேபிள்கள் போய்விடும், ஒரே சொடுக்கில் திரும்பக் கொண்டுவர வழியில்லை. முதலில் இரண்டு டிக்கெட்களில் செய்து பாருங்கள். மெயில் அனுப்பும் டிக்கையும் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் குழு முழுக்க மெயில் கொட்டும்.

தேவையில்லை என்று தோன்றும் டிக்கெட்டை டெலீட் செய்யாமல், காரணம் எழுதி மூடுங்கள். டெலீட் செய்தால் கமெண்ட்களோடு ஹிஸ்டரியும் சேர்ந்து போய்விடும். அன்று நான் வரியைத் திருத்தியதோடு நின்றதால்தான் பழைய ‘கெளரி’ கிடைத்தது. டிக்கெட்டை மீண்டும் திறந்து, ரெசல்யூஷனைக் காலியாக்கி, டெஸ்டரின் வரியை எழுத்து மாறாமல் ஒட்டினேன். கீழே ஒரு கமெண்ட்டும் போட்டேன்: ‘இரண்டாவது பெயரில் இருப்பது ள. தயவுசெய்து திருத்த வேண்டாம்.’