இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? நீங்களே கணக்குப் போடுங்கள்

முதலில் எந்த விமான நிலையம் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். வெறுமனே லண்டன் என்றால் ஹீத்ரோவா கேட்விக்கா ஸ்டான்ஸ்டெட்டா என்று யாருக்குத் தெரியும்? டோக்கியோவும் அப்படித்தான். ஹனேடா ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது, நரிடாவோ சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி. டிக்கெட்டில் இருக்கும் மூன்றெழுத்துக் குறியீட்டைப் போட்டுத் தேடினால் இந்தக் குழப்பம் வராது.

அப்புறம், தூரத்தைத் தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்க வேண்டாம், துருவத்தை நெருங்க நெருங்க அது எல்லாவற்றையும் இழுத்துப் பெரிதாகக் காட்டும். உருண்டையின் மேல் மிகக் குறைந்த தூரம் போகும் வழிக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். டோக்கியோவுக்கும் நியூயார்க்குக்கும் நடுவே அந்தப் பாதை அலாஸ்கா பக்கமாகப் போகிறது, வரைபடத்தில் பார்த்தால் சுற்றுவழி போலத் தோன்றும், உண்மையில் அதுதான் குறுக்குவழி.

இதைக் கையாலேயே கணக்கிடலாம். இரண்டு இடங்களின் அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள். அதே அட்சரேகைகளின் கொசைன்களையும், தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனையும் சேர்த்துப் பெருக்கி, முதலில் வந்ததோடு கூட்டுங்கள். வரும் எண்ணுக்கு எந்தக் கோணத்தின் கொசைன் என்று கால்குலேட்டரில் பார்த்து அதை 111.2 ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைத்துவிடும். நியூயார்க் ஜான் எஃப். கென்னடி நிலையம் வடக்கு 40.64, மேற்கு 73.78, ஹீத்ரோ வடக்கு 51.47, மேற்கு 0.45. கோணம் 49.8 பாகை வருகிறது, தூரம் சுமார் 5,540 கிலோமீட்டர். ஒன்று கிழக்கு, இன்னொன்று மேற்கு என்றால் தீர்க்கரேகைகளைக் கழிக்கக் கூடாது, கூட்ட வேண்டும். விடை கடல் மைலில் வேண்டுமென்றால் 1.852 ஆல் வகுங்கள்.

சரி, நேரம். ஜெட் விமானம் உயரத்துக்குப் போன பிறகு மணிக்கு 850 கிலோமீட்டர் போகும் என்று வைத்துக்கொண்டு தூரத்தை வகுத்து, ஏறவும் இறங்கவும் ஓடுதளத்துக்கு உருண்டு போகவும் அரை மணி நேரம் சேருங்கள். மேலே சொன்ன தூரத்துக்கு ஏழு மணி நேரம் வரும். ஆனால் அட்லாண்டிக் மேலே காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுவதால் லண்டன் போகும்போது நேரம் குறையும், நியூயார்க் திரும்பும்போது எட்டு மணி நேரம் வரைகூட ஆகும். அதனால் போக, வர இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

வான்வெளி மூடியிருந்தால் கணக்கு அடியோடு மாறிவிடும். ஹெல்சிங்கி – டோக்கியோ சுமார் 7,800 கிலோமீட்டர், நம் கணக்குப்படி ஒன்பதரை மணி நேரத்துக்குச் சற்று மேல், முன்பு ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. 2022 இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய ஒன்றிய விமானங்களுக்கு மூடப்பட்ட பிறகு அதுவே 13 மணி நேரம் அளவுக்கு நீண்டுவிட்டது. ஆகவே கணக்குப் போட்ட கையோடு விமான நிறுவனத்தின் அட்டவணையையும் ஒருமுறை பாருங்கள்.

அட்டவணையில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். லண்டனில் காலை 11 மணிக்குக் கிளம்பி நியூயார்க்கில் மதியம் 2 மணிக்கு இறங்கினால் மூன்று மணி நேரப் பயணம் என்று நினைத்துவிடாதீர்கள், நியூயார்க் 5 மணி நேரம் பின்னால் இருக்கிறது, ஆக மொத்தம் 8. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்றும் பிரிட்டன் அதே மாதம் கடைசி ஞாயிறன்றும் கடிகாரத்தை முன்னால் தள்ளுவதால், இடைப்பட்ட வாரங்களில் வித்தியாசம் 4 மணி நேரம்தான்.