முதலில் பயம் போகட்டும், அப்புறம் எழுத்து: ஒன்றாம் வகுப்பு ஆசிரியர்களுக்கு

ஒன்றாம் வகுப்பை முதல்முறை கையில் எடுக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். ஈரோடு மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்குத்தான் நான் பாடம் எடுத்து வருகிறேன். ஜூன் மாதம் பள்ளி திறந்த கையோடு 'அ' எழுத வைத்துவிட வேண்டும் என்று எல்லாருக்கும் அவசரம். அந்த அவசரத்தைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். பிள்ளை நிம்மதியாக உட்காராத வரை நாம் சொல்லிக்கொடுப்பது எதுவும் உள்ளே போகாது.

'படம்' என்ற சொல்லை முதன்முதலாக வாசிக்கும் பிள்ளையைக் கவனித்துப் பாருங்கள். 'ப' என்று சொல்லி, அதை மனதில் நிறுத்திக்கொண்டே 'ட'வுக்குப் போக வேண்டும். இரண்டையும் விடாமல் 'ம்'மை எட்டி, மூன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நமக்கு இது கண் இமைக்கும் நேரம். ஐந்தரை வயதில் முழுக் கவனமும் அதற்கே போய்விடும். 'டீச்சர் திட்டுவாங்களோ', 'சாயங்காலம் அம்மா வருவாளா' என்ற நினைப்பு நடுவில் புகுந்தால், 'ம்'முக்கு வருவதற்குள் 'ப' தொலைந்துவிடும். 'இப்பத்தானே சொன்னேன்' என்று நாம் குரலை உயர்த்தினால் மீதியும் போய்விடும். மண்டையில் ஏறாது என்று பெயர் வாங்கும் பிள்ளைகளில் பலர் இப்படிப் பயத்தில் எழுத்தைத் தவறவிட்டவர்கள்தான்.

அதனால் ஒவ்வொரு நாளையும் காலை உணவிலிருந்தே தொடங்குங்கள். 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்துவிட்டது. தட்டோடு வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் பக்கத்தில் நீங்களும் கொஞ்ச நேரம் உட்காருங்கள். பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். யார் உப்புமாவைத் தொடாமல் வாசலையே பார்க்கிறார்கள், யார் இரவு தூங்காத கண்ணோடு வந்திருக்கிறார்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடும். அந்தப் பிள்ளையிடம் முதல் பாடவேளையில் கேள்வி கேட்காதீர்கள். சாக்பீஸ் டப்பாவை எடுத்து வரச் சொல்லுங்கள், பாயை விரிக்கச் சொல்லுங்கள். கையில் ஒரு வேலை இருந்தால் பிள்ளை தானாக வகுப்போடு ஒட்டிக்கொள்ளும்.

முதல் மாதம் 'வவுறு வலிக்குது டீச்சர்' என்பதை நிறையக் கேட்பீர்கள். நிஜமாகவே வலிக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் பெரும்பாலும் அது பயம்தான். அதைச் சொல்லப் பிள்ளைக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை, அதனால் வார்த்தையை நாம் கொடுக்க வேண்டும். 'அம்மாயி ஊருக்குப் போயிட்டாங்கன்னு வருத்தமா இருக்கா கண்ணு?', 'அவன் தள்ளிவிட்டான்னு கோபமா?' என்று கேட்டுக் கேட்டுப் பழக்குங்கள். சில வாரத்தில் 'எனக்குக் கோபமா இருக்கு டீச்சர்' என்று பிள்ளையே வந்து நிற்கும். அப்படிச் சொல்லத் தெரிந்த பிள்ளை அடிப்பது குறையும்.

சண்டை வரத்தான் செய்யும். பென்சிலுக்கு, இடத்துக்கு, ஒரு துண்டு மிட்டாய்க்கு. நாம் நீதிபதியாகித் தீர்ப்புச் சொன்னால் இரண்டு பேரும் நம்மையே பார்ப்பார்கள், ஒருவரையொருவர் பார்க்க மாட்டார்கள். இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்து, ஒருவன் சொல்லி முடித்ததை மற்றவனைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். 'அவன் என்ன சொன்னான்?' என்ற ஒரே கேள்வி போதும். முதலில் சொல்லத் தெரியாது, ஏனென்றால் கேட்டிருக்க மாட்டான். இன்னொரு தரம் சொல்ல வையுங்கள். ஒருவன் பேசுவதை முழுதாகக் கேட்டுத் தன் வாயால் சொல்வது என்ன வேலை? நாளைக்குக் கதையைக் கேட்டு விடை சொல்வதும் இதே வேலைதான். 'கா' விட்டுக்கொண்ட பிள்ளைகளை உடனே 'பழம்' விடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்குள் அவர்களே சேர்ந்துவிடுவார்கள். ஆனால் ஒரே பிள்ளையோடு எல்லாரும் கா விட்டிருந்தால் சும்மா இருக்காதீர்கள். அன்றைய குழு வேலையில் அந்தப் பிள்ளைக்கு நன்றாக வருவது எதுவோ, அதைக் கொடுத்து உங்கள் பக்கத்திலேயே உட்கார வையுங்கள்.

தினமும் கால் மணி நேரம் 'குளம் கரை' ஆடுங்கள். கோடு கிழித்து, 'குளம்' என்றால் உள்ளே குதி, 'கரை' என்றால் வெளியே குதி. நன்றாகப் பழகியதும் மாற்றுங்கள்: 'குளம்' என்றால் வெளியே, 'கரை' என்றால் உள்ளே. குதிக்கத் துடிக்கும் காலைப் பிள்ளை தானே அடக்கி, யோசித்து, அப்புறம் குதிக்கும். சட்டென்று வருவதை நிறுத்தி யோசிக்கும் அந்தத் திறமைதான் 'ன', 'ண' பார்த்து எழுதவும், முறை வரும்வரை காத்திருக்கவும் வேண்டியது. விளையாட்டில் நேரம் போகிறதே என்று யாராவது கேட்டால், 2011-இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்லுங்கள். மனதையும் பழக்கத்தையும் வளர்க்கும் 213 பள்ளித் திட்டங்களை, 2,70,000-க்கு மேற்பட்ட மாணவர்களை வைத்து அலசினார்கள். அந்தத் திட்டங்களில் இருந்த மாணவர்கள் பாடத்திலும் மற்றவர்களைவிட முன்னால் இருந்தார்கள்.

கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்? மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். மூன்று நொடியாக நீட்டியதும், வாயே திறக்காத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். மனதுக்குள் 'ஒன்று, இரண்டு, மூன்று' எண்ணுங்கள். கை தூக்கிக் கத்தும் பிள்ளைகளைக் கண்ணாலேயே பொறுக்கச் சொல்லுங்கள்.

என் வகுப்பில் ஒரு பெண் குழந்தை 'அ' எழுதுவாள், ரப்பரால் அழிப்பாள், மறுபடி எழுதுவாள், எச்சில் தொட்டு அழிப்பாள். தாளில் ஓட்டை விழும்வரை விடமாட்டாள். கடைசியில் ஓட்டையைக் கையால் மூடிக்கொண்டு நோட்டைக் காட்டவே மாட்டாள். ரப்பரை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு சிலேட்டைக் கொடுத்தேன். ஐந்து 'அ' எழுதச் சொன்னேன். 'இதுல உனக்கு எது பிடிச்சிருக்கோ அதுக்கு வட்டம் போடு தங்கம்.' ரொம்ப நேரம் பார்த்துவிட்டு நான்காவதுக்குப் போட்டாள். தவறைத் தேடிக்கொண்டிருந்த கண் நல்லதைத் தேட ஆரம்பித்தது அங்கேதான். நோட்டுக்குத் திரும்பியபோது தப்பானதை ஒரே கோடாக அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதப் பழக்கினேன். நீங்களும் திருத்தும்போது பக்கம் முழுக்கச் சிவப்பாக்காமல், சரியான எழுத்துக்கு டிக் போட்டு, ஒரே ஒரு எழுத்தை மட்டும் மாற்றிக்காட்டுங்கள்.

அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கும்போதும் இதே கவனம் வேண்டும். அந்தப் பிரிவு நமக்கான குறிப்பு, பிள்ளைக்கு ஒட்டும் பட்டம் இல்லை. 'நீ இன்னும் அரும்புதானே' என்ற கேலி ஒருமுறை காதில் விழுந்தாலே அன்றே நிறுத்துங்கள்.

'கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சுடுங்க டீச்சரம்மா' என்று அப்பத்தா ஒருவர் கண்டிப்பாக வந்து சொல்வார். அன்பாகத்தான் சொல்கிறார். அடிப்பதையும் மனதை நோகடிப்பதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது என்று சட்டம் பேசினால் அவருக்குப் புரியாது. பேரன் அன்று நன்றாகச் செய்த ஒன்றைச் சொல்லி, 'வீட்டுல இவன் பள்ளிக்கூடக் கதையைக் கொஞ்சம் கேளுங்க' என்று ஒரு வேலை கொடுத்து அனுப்புங்கள்.

இவ்வளவும் செய்து, காலாண்டு நெருங்கியும் ஒரு பிள்ளை பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் பிடிவாதம் என்று விட்டுவிடாதீர்கள். பின்னால் நின்று மெதுவாகப் பேர் சொல்லிப் பாருங்கள். சந்தேகம் வந்தால் காதையும் கண்ணையும் பரிசோதிக்கச் சொல்லி, வட்டார வள மையத்தின் சிறப்பு ஆசிரியரிடம் அந்த வாரமே பேசுங்கள். பிள்ளை வீட்டில் அடிபடுகிறது, யாரோ தொந்தரவு செய்கிறார்கள் என்று தோன்றினால் தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.