மதுரையில் இருந்து பெங்களூருக்குக் குடிபோவது: சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஒரு செய்முறை விளக்கம்

பெங்களூரில் வேலை உறுதியானதும் நம் ஊர்ப் பிள்ளைகள் முதலில் செய்வது, போனை எடுத்து வாடகை வீட்டுப் படங்களைப் பார்ப்பது. பால்கனி, மாடுலர் கிச்சன், லிஃப்ட், கீழே விளையாட்டுத் திடல் என்று படங்கள் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கைக்குழந்தையோ பள்ளிக்குப் போகும் குழந்தையோ இருக்கிற குடும்பத்துக்கு எந்த வீடு என்பது கடைசிக் கேள்வி. எந்தப் பகுதி என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவில் பெரிய பங்கு யாருக்கு என்றால், பகல் முழுக்க அங்கே இருக்கப்போகிறவருக்கு. அது இங்கே வேலையை விட்டுவிட்டு வரும் அம்மாவாக இருக்கலாம், வீட்டில் இருந்தே வேலை பார்க்கும் அப்பாவாக இருக்கலாம், கூட வரும் பாட்டியாகவும் இருக்கலாம். இதைச் சரியாகச் செய்தால் மற்றதெல்லாம் பின்னாலேயே வந்துவிடும். அதனால் இந்த விளக்கத்தில் வீடு பார்ப்பது பிந்தித்தான் வரும்.

படி 1: இங்கே உங்கள் வீடு எப்படி ஓடுகிறது என்று எழுதுங்கள்

ஒரு தாளில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையை எழுதுங்கள். காலையில் பால் எங்கே, காய்கறி எங்கே, பள்ளி வேன் எத்தனை மணிக்கு, குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எந்த டாக்டர், சாயங்காலம் குழந்தை யாரோடு விளையாடுகிறது, நீங்கள் அவசரமாக வெளியே போனால் யாரிடம் விட்டுவிட்டுப் போவீர்கள்.

அண்ணா நகரில் இருக்கும் ஒரு குடும்பம் என்றால் உழவர் சந்தைக்கு நடந்தே போய்விடலாம். 1999இல் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையை அங்கேதான் திறந்தார்கள். திருநகரில் இருந்து பாட்டி ஒரு பஸ் பிடித்து வந்துவிடுவார். இப்படி எழுதிய பிறகு ஒவ்வொரு வரியின் பக்கத்திலும், இது காசு கொடுத்தால் அங்கே கிடைக்குமா என்று குறியுங்கள். பாலும் காயும் எங்கேயும் கிடைக்கும். பாட்டி கிடைக்கமாட்டார். அவர் வந்து போக ரயில் வசதி வேண்டும் என்பதையும் பகுதி தேர்வு செய்யும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஆபீஸ் இருக்கும் திசையைப் பிடியுங்கள்

பெங்களூரில் வேலை என்றால் போதாது. ஒயிட்ஃபீல்டா, எலக்ட்ரானிக் சிட்டியா, ஹெப்பால் பக்கமா, எந்தக் கட்டடம், வாரத்தில் எத்தனை நாள் நேரில் போக வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். இங்கே மாட்டுத்தாவணிக்கும் திருப்பரங்குன்றத்துக்கும் நடுவில் எங்கே வேலை என்றாலும் பெரிய வித்தியாசம் இல்லை. அங்கே தப்பான திசையில் வீடு எடுத்தால் குழந்தை விழித்திருக்கும்போது அப்பாவைப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

பிறகு மெட்ரோ வரைபடத்தை எடுங்கள். ஊதா வழித்தடம் கிழக்கே ஒயிட்ஃபீல்டில் தொடங்கி கே.ஆர்.புரம், இந்திராநகர், அல்சூர், மெஜஸ்டிக் வழியாக மேற்கே சல்லகட்டா வரை போகிறது. 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் வழித்தடம் ஆர்.வி. ரோட்டில் இருந்து சில்க் போர்டு, எலக்ட்ரானிக் சிட்டி வழியாக பொம்மசந்திரா வரை. ஆபீஸும் வீடும் ஒரே வழித்தடத்தில், வீட்டில் இருந்து ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் என்றால், கொஞ்சம் வாடகை கூடுதலாகக் கொடுத்தாலும் தகும் என்பேன்.

படி 3: மூன்று பகுதிகளை மட்டும் தேர்ந்தெடுங்கள்

மூன்றுக்கு மேல் வேண்டாம், குழப்பம்தான் மிஞ்சும். நம் ஊரில் இருந்து போகிறவர்களுக்கு நான் சொல்லும் யோசனை இது.

எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை என்றால் ஓசூரைக் கட்டாயம் பட்டியலில் வையுங்கள். ஓசூர் தமிழ்நாடு. வண்டி நம்பர் மாற்ற வேண்டாம், ரேஷன் கார்டு சிக்கல் இல்லை, பள்ளியில் தமிழ் தொடரும், பாட்டிக்குப் பக்கத்து வீட்டாரோடு பேச்சுத்துணை உண்டு. நாகர்கோவில் - பெங்களூர் எக்ஸ்பிரஸ் மதுரை, திண்டுக்கல், கரூர், சேலம் வழியாக ஓசூரிலேயே நின்று போகிறது. இதற்கு விலையாக ஆபீஸ் போகிறவர் தினமும் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்ட வேண்டும். அந்தச் சாலையில் காலை நெரிசல் உண்டு. வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் ஆபீஸ் என்றால் ஓசூர் நல்ல ஏற்பாடு. ஒயிட்ஃபீல்டில் வேலை என்றால் ஓசூரை நினைக்கவே வேண்டாம்.

கிழக்குப் பக்கம் வேலை என்றால் கே.ஆர்.புரம், ராமமூர்த்தி நகர் பகுதிகளைப் பாருங்கள். தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கும் பக்கம் அது. 2024 ஆகஸ்ட் 31 அன்று தொடங்கிய மதுரை - பெங்களூர் கண்டோன்மென்ட் வந்தே பாரத் கிருஷ்ணராஜபுரத்தில் நிற்கிறது. அதுதான் கே.ஆர்.புரம். மெட்ரோ ஸ்டேஷனும் பக்கத்திலேயே. விடியற்காலை மதுரையில் ஏறும் தாத்தா பாட்டி, மதியம் நகர நெரிசலுக்குள் போகாமலே வீட்டுக்கு வந்துவிடலாம். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய பலம் என்பது முதல் காய்ச்சல் வரும்போது தெரியும்.

அல்சூர் பழைய தமிழ்ப் பகுதி. 1950இல் தொடங்கிய பெங்களூர் தமிழ்ச் சங்கம் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கோவில், கடை, பள்ளி எல்லாம் நடந்து போகிற தூரம். வாடகை அதிகம், தெருக்கள் குறுகல், வண்டி நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம். கார் இல்லாத குடும்பத்துக்குப் பொருந்தும்.

படி 4: தண்ணீரைப் பற்றி விசாரியுங்கள்

வாடகையை விட இதை அதிகம் கேளுங்கள். வைகை வறண்டு லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருந்த நினைவு மதுரைக்காரர்களுக்கு உண்டு. பெங்களூர் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். காவிரித் தண்ணீரைச் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இருந்து பம்ப் வைத்து மேலேற்றிக் கொண்டுவருகிறார்கள். குழாய் போய்ச் சேராத பகுதிகள் போர்வெல்லையும் டேங்கரையும் நம்பித்தான் இருக்கின்றன. 2024 மார்ச், ஏப்ரலில் போர்வெல்கள் வற்றி, பெரிய அடுக்குமாடிகளிலேயே தண்ணீருக்கு ரேஷன் போட்டார்கள். 2007இல் மாநகராட்சியோடு சேர்த்த 110 கிராமங்களுக்காகக் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டத்தை 2024 அக்டோபரில் தொடங்கிவைத்தார்கள். ஒயிட்ஃபீல்டைச் சுற்றியுள்ள புதுப் பகுதிகள் பலவும் இந்த 110இல் வரும். திட்டம் வந்துவிட்டது என்பதாலேயே உங்கள் கட்டடத்துக்கு இணைப்பு வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேட்க வேண்டியவை: காவிரி இணைப்பு இருக்கிறதா? இருந்தால் வாரத்தில் எத்தனை நாள் வருகிறது? கோடையில் டேங்கர் வாங்கினீர்களா? அந்தச் செலவு பராமரிப்புக் கட்டணத்தில் அடங்குமா, தனியா? இதை ஓனரிடம் கேட்பதோடு நிறுத்தாமல் வாட்ச்மேனிடமும், அதே கட்டடத்தில் குழந்தை வைத்திருக்கும் ஒரு வீட்டிலும் கேளுங்கள். போர்வெல் தண்ணீர் என்றால் குழாயைத் திறந்து சோப்பு நுரைக்கிறதா என்று பாருங்கள். குழந்தையின் தோலுக்கும் தலைமுடிக்கும் அந்தத் தண்ணீர்தான் தினமும்.

படி 5: பள்ளிக்கூடம்

இங்கே பலரும் கவனிக்காமல் விடுவது வயது. நம் ஊரில் 5 வயது முடிந்தால் ஒன்றாம் வகுப்பு. கர்நாடகத்தில் ஜூன் 1 அன்று 6 வயது முடிந்திருக்க வேண்டும் என்று 2022இல் ஆணை போட்டார்கள். 2025-26க்கு மட்டும் 5 வயது 5 மாதம் என்று தளர்த்தினார்கள். நீங்கள் போகும் ஆண்டுக்கு எந்தக் கணக்கு என்று பள்ளியில் முதலிலேயே கேளுங்கள். மதுரையில் யு.கே.ஜி. முடித்த குழந்தையை அங்கே மறுபடி யு.கே.ஜி.யில் உட்காரச் சொல்லலாம். அது குழந்தைக்கு நல்லதுதான் என்று நான் நினைக்கிறேன். புது ஊர், புது மொழி, புது நண்பர்கள் என்று வரும் பிள்ளைக்கு ஒரு வருடம் சும்மா விளையாடக் கிடைத்தால் என்ன குறைந்துவிடும்? ஆனால் அதைச் சேர்க்கைக்குப் போன நாளில் தெரிந்துகொள்வது வேறு, முன்பே தெரிந்து குழந்தையிடம் பேசி வைப்பது வேறு.

அடுத்தது கன்னடம். 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி கர்நாடகத்தில் எல்லாப் பள்ளிகளிலும், சி.பி.எஸ்.இ. உட்பட, முதல் அல்லது இரண்டாம் மொழியாகக் கன்னடம் கட்டாயம். பயப்பட வேண்டாம். எழுத்து மட்டும்தான் புதிது, பேச்சைத் தெருவிலேயே பிடித்துக்கொள்வார்கள். தமிழை வீட்டில் தினமும் வாசித்துக் காட்டுவது மட்டும் உங்கள் பொறுப்பாகிவிடும்.

ஜூனில் பள்ளி என்றால் முந்தைய நவம்பர், டிசம்பரிலேயே விசாரிக்கத் தொடங்குங்கள். பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறியிருக்கிறதா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் இங்கே இருக்கும்போதே ஏற்றிவிடுவது சுலபம். தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக எடுத்துக்கொள்ளுங்கள். 16 முதல் 24 மாதத்திலும், 5 முதல் 6 வயதிலும் போடும் ஊக்க (பூஸ்டர்) ஊசிகளை அங்கே எந்த அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகவே போடுவார்கள்.

படி 6: போய்த் தங்கிப் பாருங்கள்

சனி, ஞாயிறு போனால் ஊர் உங்களுக்குப் பொய் சொல்லும். திங்கள் முதல் வியாழனுக்குள் இரண்டு நாளாவது, நீங்கள் தேர்ந்தெடுத்த பகுதியிலேயே ஒரு சின்ன விடுதியில் தங்குங்கள். சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் அவர்கள் பகுதிதான் தெரியும். குழந்தையைக் கூட்டிக்கொண்டு காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் நடந்து பாருங்கள். நடைபாதை இருக்கிறதா, குழந்தையைக் கையில் பிடித்துச் சாலையைக் கடக்க முடிகிறதா, கால் மணி நேர நடைக்குள் மருந்துக் கடையும் குழந்தை டாக்டரும் பூங்காவும் மாவுக் கடையும் இருக்கின்றனவா? மழை பெய்த மறுநாள் போக வாய்த்தால் இன்னும் நல்லது. தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். பகல் முழுக்க அங்கே இருக்கப்போகிறவர் இந்த நடையில் வேண்டாம் என்று சொன்னால், அந்தப் பகுதியை அடித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

படி 7: இப்போது வீடு

அட்வான்ஸ் அங்கே அதிகம். பத்து மாத வாடகை கேட்பது பழைய வழக்கம். இப்போது பல இடங்களில் குறைந்திருக்கிறது, பேசிப் பாருங்கள். காலி செய்யும்போது பெயிண்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் வழக்கம். அதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். 11 மாத ஒப்பந்தமே எல்லாரும் போடுவார்கள். ஒரு வருடத்துக்கு மேல் என்றால் பதிவு செய்ய வேண்டும் என்பதால்தான்.

நம் ஊரில் ஒத்திக்குப் பழகியவர்கள் ஒரு விஷயத்தில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். அதே ஏற்பாட்டை அங்கே லீஸ் என்பார்கள். மொத்தமாகப் பணத்தைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருப்பது. மதுரையில் ஓனரின் அப்பா வரைக்கும் தெரிந்திருக்கும். தெரியாத ஊரில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. நடுவில் ஒரு ஏஜென்ட் ஓனரிடம் வாடகைக்கு எடுத்து, உங்களிடம் லீஸ் பணத்தை வாங்கிக்கொண்டு காணாமல் போவதும், வங்கிக் கடனில் மூழ்கிய கட்டடத்தை லீஸுக்கு விடுவதும் நடக்கின்றன. முதல் வருடம் வாடகைக்கே போங்கள். எவ்வளவு மலிவாகத் தெரிந்தாலும் லீஸ் வேண்டாம். பிறகு எடுப்பதாக இருந்தாலும் வில்லங்கச் சான்று பார்த்து, ஓனரிடமே நேரில் கையெழுத்து வாங்கி, பணத்தை அவர் வங்கிக் கணக்கிலேயே செலுத்துங்கள்.

படி 8: காகிதங்கள்

வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். இங்குள்ள ஆர்.டி.ஓ. ஆபீஸில் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, அங்கே ஆயுள் வரி கட்டி, பிறகு இங்கே கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்கலாம். பழைய ஸ்கூட்டர் என்றால் இங்கேயே விற்றுவிட்டுப் போவது மேல். வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றப் படிவம் 8. ரேஷன் கார்டில் தாத்தா பாட்டி பெயரும் சேர்ந்திருந்தால் அவசரப்பட்டு எதையும் நீக்காதீர்கள், அவர்களுக்குக் கார்டு இங்கே வேண்டும்.

படி 9: சாமான் ஏற்றுவது

நல்ல காலம், நம் நாள்காட்டியே உதவுகிறது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, வைகாசியில் ஒரு நல்ல நாள் பார்த்துக் கிளம்பினால் பள்ளி திறப்பதற்கு முன் பால் காய்ச்சிக் குடியேறிவிடலாம். ஆடிக்குத் தள்ளினால் பெரியவர்கள் சம்மதிக்கமாட்டார்கள், பள்ளியும் தொடங்கியிருக்கும்.

சாமான் குறைவு என்று மற்றவர் சாமானோடு சேர்த்து ஏற்றச் சொன்னால் விலை மலிவு, ஆனால் நடுவில் கிடங்கில் இறக்கி ஏற்றுவார்கள், நாளும் ஆகும். குழந்தை இருக்கும் வீட்டுக்குத் தனி வண்டியே நல்லது. காப்பீடு கேட்டு எழுதி வாங்குங்கள். வீட்டில் பயன்படுத்திய சாமானுக்கு இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஜி.எஸ்.டி.யில் போடும் மின்னணுச் சீட்டு) தேவையில்லை. அதற்கென்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஏர்கூலரை விட்டுவிட்டுப் போங்கள், அந்த ஊர்க் குளிரில் அதற்கு அதிகம் வேலை இருக்காது. கிரைண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். நகை, சான்றிதழ்கள், குழந்தையின் மருந்து, அது கட்டிப்பிடித்துத் தூங்கும் பழைய போர்வை, இவை உங்கள் கைப்பையில் வரட்டும்.

குடியேறிய வாரத்திலேயே இன்னொரு வேலை இருக்கிறது. ரயில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்புதான் திறக்கிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மதுரை டிக்கெட் திறக்கும் தேதிகளை இரண்டு பேர் போனிலும் குறித்து வைத்துவிடுங்கள்.