செப்டிக் டேங்க் உள்ள வீட்டை விற்பவர் எழுதித்தர வேண்டியவை

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நடால் கரையோரத்தில் நகராட்சிக் கழிவுக்குழாய் எட்டாத வீடுகள் இன்னும் பல. அப்படி ஒரு வீட்டை விற்க ஏஜென்ட்டிடம் போனால், குறைகளை அறிவிக்கும் படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். வீட்டு ஏஜென்ட்டுகளுக்கான பிராப்பர்ட்டி பிராக்டிஷனர்ஸ் சட்டம் 2022 பிப்ரவரி 1 முதல் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. கூரை, மின்சாரம், குழாய்களோடு செப்டிக் டேங்குக்கும் அதில் தனி வரி உண்டு. ‘ஃபூட்ஸ்டூட்ஸ்’ (உள்ளது உள்ளபடி விற்பனை) என்று ஒப்பந்தத்தில் போட்டுவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். போதாது. தெரிந்தே மறைத்த, பார்த்தால் தெரியாத உட்குறைக்கு அந்தச் சொல் காப்பாகாது. வாங்கியவர் விலைக் குறைப்புக் கேட்டு வழக்குப் போடலாம். குறை பெரிதானால் விற்பனையே ரத்தாகலாம்.

முதலில், உங்களிடம் இருப்பது எந்தத் தொட்டி என்று உறுதிசெய்யுங்கள். செப்டிக் டேங்குக்கு வெளிக்குழாய் உண்டு. தெளிந்த நீர் அதன் வழியே பிரெஞ்ச் டிரெயினுக்கு (கல் நிரப்பிய வடிகால் பள்ளத்துக்கு) போய் மண்ணில் இறங்கும். கன்சர்வன்சி டேங்குக்கு வெளிக்குழாய் கிடையாது. நிரம்ப நிரம்ப, கழிவை உறிஞ்சி எடுக்கும் ஹனிசக்கர் லாரியை அழைத்துக் காசு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வாங்குபவரின் மாதச் செலவையே மாற்றுகிற விஷயம் இது. நகராட்சியில் அனுமதி பெற்ற கட்டட வரைபடத்தின் நகலில் தொட்டியும் குழாய்களும் குறிக்கப்பட்டிருக்கும்.

லாரியை அழைப்பதற்கு முன்பே மூடியைத் திறந்து பாருங்கள். இந்த வரிசை முக்கியம். 3,000 லிட்டர் தொட்டியைக் காலி செய்துவிட்டால், நாளுக்கு 500 லிட்டர் தண்ணீர் புழங்கும் வீட்டில் அது மறுபடி நிரம்ப ஆறு நாள் ஆகும். அதுவரை பிரெஞ்ச் டிரெயின் அடைத்திருந்தாலும் வெளியே தெரியாது. வீடு பார்க்க வருகிறார்கள் என்று முந்தின நாள் காலி செய்வது, கேட்பவர் கண்ணுக்கு மறைப்பாகவே தெரியும்.

நீர்மட்டம் வெளிக்குழாயின் அடிவிளிம்போடு ஒட்டி நிற்க வேண்டும். ‘டேங்க் நிறைந்திருக்கிறதே’ என்று பயப்பட வேண்டாம், அது இயல்பு. மட்டம் குழாய்க்கு மேலே ஏறியிருந்தால் குழாய் அடைத்திருக்கலாம், அல்லது மண் நீரை வாங்கவில்லை. அண்மையில் காலி செய்யாமலேயே மட்டம் கீழே இருந்தால் தொட்டியில் விரிசல் இருக்கலாம். நீண்ட கம்பில் வெள்ளைத் துணி சுற்றி அடிவரை இறக்கி, ஒரு நிமிடம் விட்டு எடுங்கள். கறுத்த பகுதிதான் அடிச்சேறு. அதுவும் மேலே மிதக்கும் கசடும் சேர்ந்து ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால் உறிஞ்சும் நேரம் வந்துவிட்டது. உள்ளே குனியாதீர்கள், இறங்கவே இறங்காதீர்கள், அருகில் புகைக்காதீர்கள். தொட்டிக்குள் தேங்கும் வாயு ஆளைக் கொல்லும்.

அளந்து குறித்துக்கொண்ட பிறகு லாரியை வரவழையுங்கள். தொட்டி காலியானதும் வெளிக்குழாயிலிருந்து தண்ணீர் திரும்பி உள்ளே வடிகிறதா என்று நின்று பாருங்கள். வடிந்தால் பிரெஞ்ச் டிரெயின் ஊறிக்கிடக்கிறது என்று பொருள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

களிமண் நிலத்தில் ஜூலையில் ஒழுங்காக இருப்பது ஜனவரி மழையில் பொங்கும். வறண்ட மாதத்தில் விற்றாலும் மழைக்கால நிலையை எழுதத்தான் வேண்டும். கூரைத் தண்ணீர் தொட்டியில் விழுகிறதா, பின்னால் கட்டிய வாடகை அறையின் கழிப்பறையும் இதில்தான் சேர்கிறதா, அதற்கு வரைபட அனுமதி உண்டா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

‘நல்ல நிலையில் உள்ளது’ என்பது தகவலே அல்ல. இப்படி எழுதலாம்: “இரண்டு அறைச் செங்கல் தொட்டி, சமையலறைக் கதவிலிருந்து 9 மீட்டர். கடைசியாக உறிஞ்சிய தேதி ரசீதில் உள்ளது. தொடர்ந்து மூன்று நாள் மழை பெய்தால் பிரெஞ்ச் டிரெயின் மேல் மண் ஈரமாகும், கழிப்பறைத் தண்ணீர் மெதுவாக இறங்கும். இதுவரை பழுதுபார்க்கவில்லை.” தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். படிவம் கேட்பது உங்களுக்குத் தெரிந்ததை. அது உத்தரவாதம் ஆகாது.

நிரப்பிய படிவம் விற்பனை ஒப்பந்தத்தோடு இணைந்திருக்க வேண்டும். இணைக்காவிட்டால், எந்தக் குறையும் வாங்குபவருக்குச் சொல்லப்படவில்லை என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். கையெழுத்துக்கும் பெயர் மாற்றத்துக்கும் இடையில் ஏதாவது பொங்கினாலோ உடைந்தாலோ, அன்றே எழுத்தில் ஏஜென்ட்டுக்கும் வாங்குபவருக்கும் அனுப்புங்கள்.