கிளுவை வேலிக்காரனும் சம்புக்காரனும்

புரட்டாசி பிறந்தால் போதும், எங்கள் தோட்டத்துக் கிளுவை வேலிக்குள் (கிளுவை என்ற முள்மரத்தை நட்டு வளர்த்த உயிர்வேலி) ‘டக்... டக்...’ என்று கேட்கத் தொடங்கிவிடும். நாக்கை அண்ணத்தில் ஒட்டி வெடுக்கென்று எடுத்துப் பாருங்கள், அதே சத்தம்தான். வலசை வரும் சிறு பறவையான பிளைத் நாணல் கதிர்க்குருவி வந்துவிட்டது. பெயரில்தான் நாணல், குளிர்காலத்தை அது கழிப்பது பெரும்பாலும் வேலியிலும் மரக்கிளைகளிலும்தான்.

இதோடு குழம்புவது நெல்வயல் கதிர்க்குருவி. இரண்டும் சுமார் 13 செ.மீ., இரண்டும் மண்ணிறம். நெல்வயல் கதிர்க்குருவிக்குப் பறவையியலாளர் ஜெர்டன் 1845இல் வைத்த அறிவியல் பெயர் ‘அக்ரிகோலா’. இலத்தீனில் உழவர் என்று பொருள். எங்கள் ஊருக்குப் பொருத்தமான பெயர்!

திருப்பூர் நஞ்சராயன் குளத்தில் சம்புக்குள் (நீரோரம் வளரும் உயரமான கோரை) பார்த்த ஒன்றை பிளைத் என்றே நோட்டில் எழுதிவிட்டேன். பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் கண்ணுக்கு மேலோடும் புருவக் கோடு கண்ணில் பட்டது, அது நெல்வயல். அன்றிலிருந்து நிறத்தை நம்புவதில்லை. காலை வெயிலில் ஒரு நிறம், நிழலில் வேறு நிறம்.

முதலில் கண்ணுக்குப் பின்னால் பாருங்கள். பிளைத்துக்கு வெளிர்ப் புருவம் அலகுக்கும் கண்ணுக்கும் நடுவில்தான் எடுப்பாக இருக்கும். கண்ணைத் தாண்டியதும் மங்கிவிடும். நெல்வயலுக்கு அது கண்ணைத் தாண்டியும் அகலமாக ஓடும், அதன் மேல் விளிம்பில் மை தீட்டியதுபோல ஒரு கருங்கோடும் இருக்கும். அந்தக் கோடு தெரிந்தால் எனக்குப் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். அடுத்து அலகு: பிளைத்துக்கு நீளம், நெல்வயலுக்குக் குட்டை, கீழலகின் நுனி கருத்திருக்கும். நெல்வயலின் வால் சற்று நீளமாகத் தெரியும், வால் தொடங்கும் இடத்தில் செம்மை கூடுதல்.

இடம் துணைச் சாட்சி மட்டுமே. குளத்தோரப் புதரில் பிளைத்தும் திரியும். சம்புக்குள்ளிருந்து காது கிழியக் கத்துவது இரண்டுமல்ல. அது உருவத்தில் பெரிய வேறொரு நாணல் கதிர்க்குருவி.

விடிந்ததும் போய், சூரியன் முதுகுப் பக்கம் இருக்குமாறு, வேலியில் சந்து இருக்கும் இடத்தில் அசையாமல் நில்லுங்கள். அரை மணி நேரமாவது. வேலியை உலுக்காதீர்கள், செல்போனில் குரலை ஒலிக்கவிடாதீர்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து இரை தேடும் உயிர் அது. கிளுவையை வெட்டிக் கம்பிவேலி போடும் தோட்டங்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் கம்பி வந்த வருடம் அந்தப் பக்கமிருந்து ‘டக்’ சத்தமே வரவில்லை.

முகம் தெரியாமல் பறந்துவிட்டால், நோட்டில் ‘கதிர்க்குருவி’ என்று மட்டும் எழுதி, நேரத்தையும் எந்தச் செடியில் இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாளும் அதே வேலிக்கு அது வர வாய்ப்புண்டு.