சிசேரியனா, சுகப்பிரசவமா: ஆலோசனை சொல்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வரும் செவிலியர்கள் கர்ப்பிணிகளிடம் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது என் வேலை. தொடக்கத்தில் நான் பேசிய அதே பேச்சு அவர்கள் வாயிலும் வருகிறது. பொறுமையாகப் பேசுங்கள், முகம் பார்த்துப் பேசுங்கள் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

"தையல் பிரிஞ்சிடும்"

முதல் குழந்தை சிசேரியன். இரண்டாவதைச் சுகப்பிரசவமாகப் பெற ஆசைப்பட்டு ஒருவர் வந்தார். "பண்ணலாம்மா, ஆனா பழைய தையல் பிரிஞ்சிடலாம்" என்றேன். பொய்யில்லை. எத்தனை பேருக்கு என்று மட்டும் சொல்லவில்லை. ஸ்கேன் உறையின் ஓரத்தை மடிப்பதும் நீவுவதுமாக இருந்தவர், "ஆபரேஷனே பண்ணிடுங்க" என்றார். வேறு கேள்வியே கேட்கவில்லை.

நான் சொல்லியிருக்க வேண்டியது இது. ஒரு சிசேரியனுக்குப் பிறகு, தானாக வலி வந்து முயல்பவர்களில் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்குக் கர்ப்பப்பையில் உள்ள பழைய தழும்பு பிரிகிறது. பிரிந்தால் தாய், பிள்ளை இருவருக்குமே ஆபத்து. அதனால் உடனே அறுவை செய்ய வசதியுள்ள இடத்தில்தான் முயல வேண்டும். மருந்து கொடுத்து வலி வரவழைத்தால் ஆபத்து கூடும். முயல்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. மற்றவர்களுக்குப் பாதி வலியில் சிசேரியன். அது நாள் குறித்துச் செய்வதைவிடச் சிரமம்.

சிசேரியன் பக்கமும் கணக்கு உண்டு. ஒவ்வொரு சிசேரியனுக்கும், அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஆழமாக ஒட்டிக்கொள்ளும் ஆபத்து ஏறுகிறது. கர்ப்பப்பையையே எடுக்க நேரலாம். எத்தனை பிள்ளை வேண்டும் என்று அவரிடம் நான் கேட்கவே இல்லை. மூன்று என்று நினைத்திருந்தாராம். அறுவை முடிந்த மூன்றாம் நாள், பேச்சுவாக்கில் தெரிந்தது. தையல் பிரியும் என்ற அந்த ஒரு வரியை இன்றைக்கும் யாராவது எண்ணில்லாமல் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

சிசேரியன் கேட்டுவிடுவாரோ என்று மறைப்பது

இதுவும் அதே குற்றம்தான். நீரிழிவு உள்ள தாய்க்குச் சுகப்பிரசவத்தில் பிள்ளையின் தோள் சிக்கும் வாய்ப்பு 9 முதல் 10 சதவீதம் என்பதை மருத்துவர் சொல்லாமல் விட்ட வழக்கில், 2015இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தாயின் பக்கம் தீர்ப்பளித்தது.

வலியில் இருப்பவரிடம் சம்மதப் படிவத்தை நீட்டுவது

அவசரச் சிசேரியன் பற்றியும் வலி வருவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

முடிவை அவரிடம் கேட்காமல் வீட்டாரிடம் கேட்பது

கூடாது.

"நீங்களே சொல்லுங்க" என்றதும் முடிவெடுத்துவிடுவது

முதலில் அவருக்கு எது அதிகப் பயம் என்று கேளுங்கள். வலியா, கத்தியா, பழைய பிரசவமா? அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே அட்டையில் எழுதுங்கள். உங்கள் கருத்தைப் பிறகு சொல்லுங்கள், காரணத்தோடு.